மீன் இல்லாத இடத்துக்கும் போகவேண்டும்

(மீன்வளப் படிப்பு மாணவர்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



என்னோடு ஒரு தாளைக் கொண்டுவந்திருக்கிறேன். கட்டம் போட்ட பழைய படிவம். மேலே இறங்குதளத்தின் பெயர், தேதி, நேரம் எழுதியிருக்கிறது. கீழே கடலுக்குப் போன படகுகள், கரைக்கு வந்த படகுகள், வலை வகை, மீன் வகை, எடை என்று கட்டங்கள். கட்டங்கள் எல்லாம் காலி. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் எழுதிக் கொடுத்த தாள் இது. அதாவது, எழுதாமல் கொடுத்த தாள்.

நடந்தது இதுதான். தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு சின்னக் கரைக்கு இரண்டு நாள் போகவேண்டும் என்று பட்டியலில் வந்தது. வாடைக்காற்று பலத்த நேரம். வள்ளங்களை எல்லாம் மணல்மேட்டில் ஏற்றி வைத்திருந்தார்கள். மதியம் 12 மணிக்குப் போனவன் மாலை 6 மணிவரை கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மறுநாள் காலை 6 மணிக்குத் திரும்பப் போனேன். ஒரு வள்ளமும் இறங்கவில்லை. எழுத ஒன்றும் இல்லையே என்று தேதியை மட்டும் போட்டுத் தாளைக் கொடுத்துவிட்டேன்.

என் மேலதிகாரி அதிகம் பேசாதவர். தாளைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, அன்னைக்கு அந்தக் கரையில எவ்வளவு மீன் வந்துச்சு?"

"ஒண்ணும் வரலை சார்."

"அதுக்கு ஒரு எண் உண்டா, இல்லையா?"

"பூச்சியம் சார்."

"அப்ப அதை எழுதுங்க. காலித் தாள்னா நீங்க போகலைன்னு அர்த்தம். பூச்சியம்னா நீங்க போனீங்க, மீன் வரலைன்னு அர்த்தம். ரெண்டும் ஒண்ணா?"

புதுத் தாளில் பூச்சியம் போட்டுக் கொடுத்தேன். பழைய தாளை எடுத்து வைத்துக்கொண்டேன். இந்தத் தொழிலில் நான் கற்ற மற்றதெல்லாம் அன்றைக்கு அவர் கேட்ட கேள்வியிலிருந்து கிளைத்ததுதான். அதனால் இன்று பூச்சியத்தைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. மூன்று கரைகளுக்குப் போகிறோம். ஒன்றில் 600 கிலோ, இன்னொன்றில் 300 கிலோ, மூன்றாவதில் ஒன்றுமில்லை. பூச்சியத்தை எழுதினால் சராசரி 300 கிலோ. காலியாக விட்டால் இரண்டே கரைதான் கணக்கில் நிற்கும். சராசரி 450 ஆகிவிடும். அதைப் போன்ற 100 நாள்களுக்கு விரித்தால், 30,000 கிலோ வந்த இடத்தில் 45,000 கிலோ என்று எழுதுவோம். கடலில் இல்லாத 15,000 கிலோ மீனைக் காகிதத்தில் பிடித்திருப்போம். யாரும் பொய் சொல்லவில்லை. ஒரு கட்டத்தை நிரப்பவில்லை, அவ்வளவுதான்.

மாதிரிக் கணக்கெடுப்பு என்றால் என்ன என்று ஊரில் யாராவது கேட்டால், ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று சொல்லிவிடுகிறோம். பழமொழி சரிதான். ஆனால் அது கிளறிய பானைக்குப் பொருந்தும். அடியில் பிடித்து, மேலே வேகாமல் கிடக்கும் பானையில் மேலாக ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்த்தால் என்ன தெரியும்? கடல் யாரும் கிளறாத பானை. மீன் கூட்டமாகத் திரியும். ஒரு துறையில் சாளை கொட்டும். பத்து கிலோமீட்டர் தள்ளி அடுத்த துறையில் வலை வெறும் ஈரத்தோடு வரும். விசைப்படகின் பாடு வேறு, ஃபைபர் படகின் பாடு வேறு. ஆடியில் கிடைப்பது ஐப்பசியில் கிடைக்காது. ஆகவே, எந்தப் பருக்கையை எடுப்பது என்பதுதான் எங்கள் தொழிலின் முழுக் கேள்வியும்.

சுதந்திரம் வந்த காலத்தில் இந்தக் கேள்விக்கு நம் நாட்டில் பதில் இல்லை. 1947 பிப்ரவரியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. அதன் தலைமையகம் மண்டபத்திலிருந்து கொச்சிக்குப் போனது 1971இல்தான். அந்த நிலையத்தின் முன் இருந்த முதல் வேலைகளில் ஒன்று, இந்தியக் கடலிலிருந்து ஆண்டுக்கு எவ்வளவு மீன் கரைக்கு வருகிறது என்று சொல்வது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கரை. எத்தனையோ இடங்களில் துறைமுகம் கிடையாது. மணலில் கட்டுமரம் ஏறும், அங்கேயே ஏலம் முடியும், அரை மணி நேரத்தில் மீன் போய்விடும். ஒவ்வொரு கரையிலும் ஒவ்வொரு நாளும் ஆள் நிறுத்த எந்த அரசாங்கத்தாலும் முடியாது.

வழி வயற்காட்டிலிருந்து வந்தது. பி. வி. சுகாத்மே, வி. ஜி. பான்சே என்ற இருவர் பெயரும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். வேளாண் புள்ளியியல் படிக்கும் யாரும் அவர்கள் நூலைத் தொடாமல் வெளியே வர முடியாது. வயலில் ஒரு துண்டு நிலத்தைக் குலுக்கலில் தேர்ந்து, அறுத்து, எடைபோட்டு, அதிலிருந்து மாவட்டத்தின் விளைச்சலை மதிப்பிடும் முறையை இந்தியாவில் நிலைநிறுத்தியவர்கள். கடல் மீனுக்கும் அதே வழியில் மாதிரி எடுக்கலாம் என்று மலபார்க் கரையில் சோதித்துப் பார்த்தார்கள். கே. வி. ஆர். சாஸ்திரியோடு சேர்ந்து 1958இல் அவர்கள் 'பயோமெட்ரிக்ஸ்' இதழில் எழுதிய கட்டுரை, இந்தியாவில் கடல் மீன்பாட்டை மாதிரிமுறையில் மதிப்பிடுவது பற்றியது. வயல் இருந்த இடத்தில் இருக்கும், கடலில் எல்லாம் நகரும். அந்த வேறுபாட்டோடு போராடி அவர்கள் போட்ட பாதையில்தான் இன்றைக்கும் கணக்கு நடக்கிறது.

அந்த முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அதன் அழகு விவரத்தில் இருக்கிறது. கரையை மண்டலம் மண்டலமாகப் பிரிக்கிறார்கள். காசிமேடு போன்ற பெரிய துறைமுகம் தானே ஒரு மண்டலம். அங்கே அதிக நாள் ஆள் நிற்பார். சின்னக் கரைகள் பல சேர்ந்து ஒரு மண்டலம். மாதத்தைப் பத்துப் பத்து நாளாக மூன்றாகப் பிரிக்கிறார்கள். முதல் பத்து நாளின் முதல் ஐந்து நாளுக்குள் ஒரு நாள் குலுக்கலில் விழும். அதிலிருந்து தொடர்ந்து ஆறு நாள், இரண்டிரண்டு நாளாக மூன்று கரைகள். எந்தக் கரை என்பதும் குலுக்கல்தான். கணக்கெடுப்பாளர் முதல் நாள் நண்பகல் 12 முதல் மாலை 6 வரை கரையில் நிற்பார். மறுநாள் காலை 6 முதல் நண்பகல் 12 வரை நிற்பார். நடுவில் இரவில் வந்ததைக் காலையில் விசாரித்து எழுதுவார். நண்பகலிலிருந்து நண்பகல்வரை, 24 மணி நேரம். அதுதான் ஒரு 'கரை-நாள்'.

படகுகளுக்கும் விதி இருக்கிறது. 15 படகு வரை வந்தால் எல்லாவற்றையும் பார்க்கவேண்டும். 20 முதல் 29 வரை என்றால் இரண்டுக்கு ஒன்று. 30 முதல் 39 வரை மூன்றுக்கு ஒன்று. 40 முதல் 49 வரை நான்குக்கு ஒன்று. அதற்கு மேலும் இப்படியே போகும். 40 படகு வந்து, 10 படகைப் பார்த்து, அவற்றின் சராசரி 120 கிலோ என்றால் அன்றைய வரத்து 4,800 கிலோ. பின்பு கரை-நாளிலிருந்து மண்டலத்துக்கு, மண்டலத்திலிருந்து மாநிலத்துக்கு என்று விரியும். 2010ஆம் ஆண்டின் கடல் மீனவர் கணக்கெடுப்பின்படி நாட்டில் 1,511 இறங்குதளங்கள். தமிழ்நாட்டில் மட்டும் 407. இத்தனையையும் ஒரு சின்னப் படை தாங்குகிறது. இப்போது தாளுக்குப் பதிலாகக் கையடக்கக் கருவியில் பதிகிறார்கள். ஆனால் கருவியைப் பிடித்திருக்கும் கை அன்றைய கைதான்.

கரையில் எடை எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். தராசில் எல்லாவற்றையும் ஏற்ற எந்தச் சம்மாட்டியும் காத்திருக்கமாட்டார், மீன் காத்திருக்காது. கூடையை எண்ணுவோம், பெட்டியை எண்ணுவோம், கூறு கட்டியிருந்தால் கூறை எண்ணுவோம். ஒரு கூடையை மட்டும் நயந்து கேட்டு எடைபோடுவோம். காரல் நிரம்பிய கூடையும் கணவாய் நிரம்பிய கூடையும் ஒரே எடை ஆகாது. நெத்திலியில் தண்ணீர் நிற்கும். கண்ணால் பார்த்து எடை சொல்லும் பழக்கம் வர எனக்கு இரண்டு ஆண்டு ஆனது. அதைச் சொல்லிக் கொடுத்தவர்கள் ஏலம் எடுக்கும் பெண்கள். ஒரு கூடையைக் காலால் லேசாகத் தள்ளிப் பார்த்து "இருவத்திரெண்டு" என்பார் ஒரு அம்மா. தராசில் 22 காட்டும்.

அதே அம்மாதான் முதல் வாரத்தில் என்னிடம் கேட்டார்: "என்னத்துக்கு எழுதுதிய தம்பி? வரி போடவா?" இல்லை அம்மா, கடலில் எவ்வளவு மீன் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள என்றேன். "அது கடலுக்குல்லா தெரியும்" என்றார். அவருடைய சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது. யார் எண்ணுகிறார்கள், எதற்கு எண்ணுகிறார்கள் என்று தெரியாதவரை யாரும் முழு உண்மையைச் சொல்லமாட்டார்கள். நல்ல பாடு வந்தால் கண்பட்டுவிடும் என்று குறைத்துச் சொல்பவர் உண்டு. மானியம் வரும் என்று நினைத்தால் வேறு மாதிரிச் சொல்பவரும் உண்டு. அதனால்தான் கேட்டு எழுதுவதைவிடப் பார்த்து எழுதுவதை இந்த முறை முன்னே வைக்கிறது. இரவு வரத்துக்கு மட்டுமே விசாரணை. அதில்தான் பிழை அதிகம் நுழையும் என்று நான் எப்போதும் அஞ்சியிருக்கிறேன்.

குலுக்கல் என்ற சொல் படித்தவர்களுக்குத்தான் சங்கடம் தருகிறது. இவ்வளவு அறிவியல் பேசிவிட்டு, கடைசியில் சீட்டுப் போட்டா முடிவெடுப்பது என்று கேட்கிறார்கள். மீனவர்களிடம் அந்தச் சங்கடத்தை நான் பார்த்ததில்லை. பழவேற்காடு ஏரியில் 'பாடு' என்று ஒரு பழைய முறை இருக்கிறது. இறால் நன்றாக விழும் இடங்கள் சில. வலைபோடும் உரிமை உள்ள குடும்பங்கள் பல. யாருக்கு எந்த இடம், எந்த நாள் என்பதைச் சீட்டுப் போட்டு முறைவைத்துப் பிரித்துக்கொள்வார்கள். நல்ல இடம் ஒருவனுக்கே போகக்கூடாது, கெட்ட இடமும் ஒருவனுக்கே போகக்கூடாது. சீட்டுக்கு வேண்டியவன், வேண்டாதவன் கிடையாது. சுகாத்மே எழுதிய சூத்திரங்களின் உயிரும் அதுதான். கரையைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை என்னிடமிருந்து பிடுங்கிச் சீட்டிடம் கொடுக்கிறது அந்த முறை. என்னிடம் விட்டிருந்தால் நான் பஸ் போகும் கரைக்குப் போயிருப்பேன். டீக்கடை உள்ள கரைக்குப் போயிருப்பேன். எல்லாவற்றுக்கும் மேலாக, மீன் உள்ள கரைக்குப் போயிருப்பேன். எழுத ஏதாவது இருக்கவேண்டும் என்ற ஆசை கணக்கெடுப்பாளன் மனத்தில் எப்போதும் இருக்கும். அது நல்ல ஆசைபோலத் தோன்றும். கணக்கைக் கெடுப்பதும் அதுதான்.

எவ்வளவு கெடுக்கும் என்பதற்கு உலகம் கண்ட பெரிய சாட்சி நியூஃபவுண்ட்லாந்து. கனடாவின் கிழக்கு முனை. ஐந்நூறு ஆண்டுகளாகக் காட் மீனால் வாழ்ந்த நிலம். 1968இல் வடக்குக் காட் கூட்டத்திலிருந்து மட்டும் 8 லட்சம் டன்னுக்கு மேல் பிடித்தார்கள். பெரும்பகுதி ஐரோப்பிய நாட்டுக் கப்பல்கள். 1977இல் கனடா 200 கடல்மைல் எல்லையை அறிவித்தது. வெளிநாட்டுக் கப்பல்கள் விலக, இனி எல்லாம் நம் கையில் என்று நம்பினார்கள். எவ்வளவு பிடிக்கலாம் என்று விஞ்ஞானிகள் கணக்குப் போட்டார்கள்.

கணக்குக்கு இரண்டு சான்றுகள். ஒன்று, ஆராய்ச்சிக் கப்பல் ஆண்டுதோறும் இலையுதிர்காலத்தில் போய், ஆழத்தின்படி கடலை அடுக்குகளாகப் பிரித்து, ஒவ்வொரு அடுக்கிலும் குலுக்கலில் விழுந்த புள்ளிகளில் இழுவலை போட்டுப் பார்ப்பது. மற்றொன்று, தொழில்முறை இழுவைக் கப்பல்கள் ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு மீன் பிடிக்கின்றன என்ற பதிவு. ஆராய்ச்சிக் கப்பலின் எண்கள் ஆண்டுக்காண்டு தாறுமாறாக ஏறி இறங்கின. மாதிரி சிறியது, கடல் பெரியது. தொழிற்கப்பல்களின் எண்களோ அழகாக, சீராக மேலே ஏறின. மனிதர்கள் எதை நம்புவார்கள்? சீரானதை.

ஆனால் தொழிற்கப்பல் எங்கே போகும்? மீன் இருக்கும் இடத்துக்கு. கருவி மேம்பட மேம்பட, கூட்டத்தை இன்னும் துல்லியமாகக் கண்டுபிடிக்கும். காட் குறையக் குறைய எஞ்சியவை நெருங்கிக் கூடின. அந்தக் கூட்டத்தின் மீதே வலை விழுந்தது. ஒரு மணி நேரத்துக்குக் கிடைக்கும் மீன் குறையவே இல்லை; குறைந்தது கூட்டங்களின் எண்ணிக்கை. கூட்டம் இல்லாமல் போன பரந்த கடலுக்கு எந்தக் கப்பலும் போகவில்லை. போகாத இடத்தில் பூச்சியம் எழுதப்படாது. என் காலித் தாள் அங்கே ஒரு கடல் அளவுக்கு விரிந்திருந்தது.

கரையோரத்தில் சின்னப் படகில் பிடித்த மீனவர்கள் 1980களின் நடுவிலேயே சொல்லிவிட்டார்கள்: மீன் கரைக்கு வரவில்லை, வருவதும் சிறுத்துவிட்டது. அவர்களுடைய சங்கம் 1986இல் தானே ஆய்வாளர்களை அமர்த்தி அறிக்கை எழுதவைத்தது. அதிகாரத்தில் இருந்தவர்கள் காதில் அது ஏறவில்லை. 1989இல் விஞ்ஞானிகள் தங்கள் மதிப்பீடு மிகையென்று கண்டுகொண்டு, ஆண்டு அளவை 1,25,000 டன்னாகக் குறைக்கச் சொன்னார்கள். அரசு 2,35,000 டன் என்று வைத்தது. 1992 ஜூலை 2ஆம் தேதி காட் மீன்பிடிப்பை முழுவதுமாகத் தடைசெய்தார்கள். ஏறத்தாழ 30,000 பேர் வேலை இழந்தார்கள். இரண்டு ஆண்டுக்கு என்று சொன்ன தடை. அதை முறையாக நீக்கியது 2024இல், அதுவும் 18,000 டன் என்ற சிறு அளவோடு.

இந்தக் கதையை நான் பலமுறை வகுப்பில் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் எனக்கு வலிப்பது ஒரே இடம்தான். ஆராய்ச்சிக் கப்பல் வெறும் வலையோடு திரும்பிய புள்ளிகள் இருந்தன. உண்மையைச் சொன்னவை அவை. தாறுமாறான எண்கள் என்று அவற்றின் மேல் நம்பிக்கை குறைந்தது.

அந்தக் கப்பல் வேலையைப் பற்றியும் சொல்லவேண்டும். உங்களில் சிலர் அதற்குப் போவீர்கள். அரை மணி நேரம் இழுவலை இழுக்கிறோம் என்று வையுங்கள். மணிக்கு மூன்று கடல்மைல் வேகம். ஒன்றரைக் கடல்மைல், அதாவது 2,778 மீட்டர். வலையின் வாய் அகலம் 15 மீட்டர் என்றால், வாரிய பரப்பு ஏறத்தாழ 0.042 சதுர கிலோமீட்டர். வலையில் 25 கிலோ இருந்தால் சதுர கிலோமீட்டருக்கு 600 கிலோ. பள்ளிக் கணக்குதான். ஆனால் ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் கேள்வி இருக்கிறது. வலைக்கு முன்னால் இருந்த மீனில் எத்தனை வலைக்கு மேலே எழும்பித் தப்பியது? வாய் உண்மையில் 15 மீட்டர் திறந்ததா? பாறை என்று விட்டுவிட்ட புள்ளிக்குப் பதில் எந்தப் புள்ளியைப் பிடித்தோம்? அமெரிக்காவின் வடகிழக்குக் கரையில் பழைய ஆய்வுக் கப்பலான 'ஆல்பட்ராஸ் 4' ஓய்வுபெறும் முன், அதன் இடத்துக்கு 'ஹென்றி பி. பிகலோ' வந்தபோது, 2008இல் இரண்டு கப்பல்களையும் பக்கத்தில் பக்கத்தில் நூற்றுக்கணக்கான முறை வலை இழுக்கவைத்தார்கள். புதுக் கப்பல் அதிகம் பிடிக்கும். அந்த வித்தியாசத்தை அளக்காவிட்டால், கப்பல் மாறியதைக் கடலில் மீன் பெருகியதாக எழுதிவிடுவோம். 1960களிலிருந்து சேர்த்த தொடர் அறுந்துபோகும். நீண்ட தொடரைக் காப்பது எங்கள் தொழிலின் பெரிய கடமை. ஒரு தலைமுறையால் அதைத் தொடங்க மட்டுமே முடியும்.

இந்த வலைகளில் பாதிக்கு மேல் ஒரு குறிப்பிட்ட மீன் இல்லாமலேயே வரும். இருபது வலையில் பதினைந்து பூச்சியம், நான்கில் இரண்டு மூன்று கிலோ, ஒன்றில் 900 கிலோ. இதற்கு என்ன சராசரி சொல்வது? பல்லாண்டுகள் புள்ளியியலாளர்களைத் தொந்தரவு செய்த கேள்வி. ஜான் எய்ட்சிசன் 1955இல் ஒரு வழி சொன்னார். மைக்கேல் பெனிங்டன் 1983இல் அதை மீன் ஆய்வுக்குக் கொண்டுவந்தார். கேள்வியை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள் என்றார்கள். இந்த இடத்தில் மீன் இருந்ததா, இல்லையா? அது முதல் கேள்வி. இருந்தால் எவ்வளவு? அது இரண்டாவது. முதல் கேள்விக்குப் பூச்சியங்கள் பதில் சொல்லும், இரண்டாவதற்கு மற்றவை. என் மேலதிகாரி கேட்ட கேள்விக்குக் கணிதத்தில் ஒரு வடிவம் உண்டு என்று அறிந்த நாளில் எனக்கு உண்டான மகிழ்ச்சியை இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன்.

நம் பக்கத்துக் கரைக்கு வருவோம். கேரளத்தின் மத்தி, நாம் சாளை என்போம். 2012இல் அங்கே ஏறத்தாழ 4 லட்சம் டன் வந்தது. 2015இல் 70,000 டன்னுக்கும் கீழே. 2021இல் 4,000 டன்னுக்கும் கீழே. ஒரு மீன் இப்படிச் சரியும்போது, கரையில் என்ன நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள். சந்தைக்கு மற்ற மாநிலங்களிலிருந்து மத்தி வந்துகொண்டிருக்கும். வாங்குபவருக்கு விலைதான் தெரியும், வரத்து தெரியாது. வெறும் வள்ளத்தோடு திரும்பும் மீனவனுக்குத் தன் வெறுமை தெரியும். பக்கத்துக் கரையில் கிடைத்திருக்கும் என்று நினைப்பான். எல்லாக் கரைகளின் வெறுமையையும் கூட்டிப் பார்க்கும் இடம் ஒன்றுதான், இந்த மாதிரிக் கணக்கு. குலுக்கலில் விழுந்த கரையில், குலுக்கலில் விழுந்த நாளில், மத்தி என்ற கட்டத்தில் எழுதப்பட்ட பூச்சியங்கள் அங்கே சேர்ந்தன. சரிவுக்குக் கடலின் வெப்பம், எல் நினோ, குஞ்சு மீன்களைப் பிடித்தது என்று பல காரணங்களை ஆய்வாளர்கள் விவாதிக்கிறார்கள். 10 சென்டிமீட்டருக்குக் குறைந்த மத்தியைப் பிடிக்கக்கூடாது என்று கேரள அரசு 2015இல் விதி கொண்டுவந்தது. அந்த விவாதமும் அந்த விதியும் எழுந்ததற்கு, ஆண்டுகள் பலவாக ஒரே முறையில் எழுதிவந்த கணக்கு அடியில் இருந்தது.

இன்னொரு மீனைச் சொல்கிறேன். இதைச் சொல்லும்போது குரல் தாழ்ந்துவிடுகிறது. வேளா. நீண்ட வாள்போல முகம் நீண்டு, இருபுறமும் பல் வரிசை கொண்ட பெரிய மீன். பட்டினப்பாலையில் பரதவர் சுறாவின் கோட்டை, அதாவது கொம்பை, நட்டு வழிபடுகிறார்கள் அல்லவா? அந்தக் கோடு வேளாவின் வாள்தான் என்று கொள்வோர் உண்டு. அவ்வளவு பழைய உறவு. நான் வேலைக்கு வந்தபோது, வயதான மீனவர்கள் வேளா சிக்கிய கதையைக் கை விரித்து நீளம் காட்டிச் சொல்வார்கள். என் தாள்களில் வேளாவுக்கு ஒரு கட்டம் இருந்தது. பத்து ஆண்டு, இருபது ஆண்டு, பூச்சியம். 2001இல் அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்தது. கட்டத்தில் எப்போதும் பூச்சியம்தானே, படிவத்தில் இடத்தை அடைக்கிறதே, எடுத்துவிடலாமா என்று ஒருமுறை ஒருவர் கேட்டார். கூடாது என்று நான் பிடிவாதமாக நின்றேன். அந்தக் கட்டத்தை எடுத்தால், வேளா இல்லை என்பதையும் நாம் எழுதாமல் விட்டுவிடுவோம். அடுத்து வரும் பிள்ளைக்கு அப்படி ஒரு மீன் இருந்ததே தெரியாது. டேனியல் பாலி 1995இல் எழுதிய குறுங்கட்டுரை ஒன்று இதைத்தான் பேசுகிறது. ஒவ்வொரு தலைமுறையும் தான் முதலில் கண்ட கடலையே முழுக் கடல் என்று எடுத்துக்கொள்கிறது. மீன் குறையும்போது அளவுகோலும் சேர்ந்து குறைகிறது.

வரும் முன்பு சிலர் என்னிடம் கேட்டீர்கள், இந்த வேலைக்கு என்ன படிக்கவேண்டும் என்று. புள்ளியியல் படியுங்கள், மாதிரிக் கோட்பாட்டை வெறுக்காமல் படியுங்கள். மீன்களின் பெயரை லத்தீனில் படியுங்கள். ஊருக்கு ஊர் வழங்கும் பெயரையும் சேர்த்துப் படியுங்கள். சென்னையில் வஞ்சிரம், தெற்கே போகப் போக அது நெய்மீனும் சீலாவும் ஆகும். தப்பான பெயரில் விழுந்த எடையை எந்தச் சூத்திரமும் திருத்தாது. மாதிரியை நான்கு மடங்கு ஆக்கினால்தான் பிழை பாதியாகும் என்பதை மனத்தில் வையுங்கள். கூடுதல் ஆளும் பணமும் கேட்கும்போது அது உதவும். அதைவிட முக்கியமாக, கரையில் நிற்கும் கணக்கெடுப்பாளரை மதியுங்கள். குளிர்ந்த அறையில் உட்கார்ந்து நாம் செய்யும் கணக்கு எதுவானாலும், வெயிலில் நின்று அவர் எழுதியதற்கு மேல் ஒரு கிராம் உண்மையைக் கூட்டிவிட முடியாது. அவருக்குச் சம்பளம் குறைவு, பஸ் செலவு தாமதமாக வரும், மழையில் ஒதுங்க இடம் இருக்காது. இதை மாற்றும் பொறுப்புக்கு உங்களில் பலர் வருவீர்கள்.

கடைசியாக ஒரு வேலை. இந்த டப்பாவில் நம் மாவட்டத்தின் இறங்குதளங்களை ஒவ்வொரு சீட்டில் எழுதிப் போட்டிருக்கிறேன். துறைமுகமும் இருக்கிறது, நான்கு வள்ளம் உள்ள கரையும் இருக்கிறது. முதல் வரிசையில் இருக்கும் நீங்கள் வாங்கம்மா. கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுங்கள்.

(ஒரு மாணவி சீட்டு எடுக்கிறார்.)

நன்றி. பெயரைக் கேட்டதும் பின்னால் சிலர் முனகுகிறீர்கள். எனக்கும் அந்தக் கரை தெரியும். ஐந்தாறு வள்ளம்தான். நிழல் கிடையாது. மெயின் ரோட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் நடக்கவேண்டும். காலையிலிருந்து காற்றும் பலமாக இருக்கிறது. நாளைக்கு இறங்குவார்களா என்று சொல்ல முடியாது. நாளை நண்பகல் 12 மணிக்கு அங்கே இருப்போம். மாலை 6 மணிவரை நிற்போம், மறுநாள் காலை 6 மணிக்குத் திரும்பப் போவோம். தொப்பியும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள். படிவம் நான் கொண்டுவருகிறேன். பேனா இரண்டாக இருக்கட்டும். ஒன்று மணலில் விழுந்துவிடும்.